அற்புதமலரின் முகம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்‌ஷரா சுவரை மூடியிருந்த திரையை இழுத்தாள். முந்திய நாள் அவள் வரைந்த முகம் அங்கே இல்லை. கழுத்து இருந்தது. தோளில் வழிந்த நீல அங்கி இருந்தது. விரித்த புத்தகத்தின் மேல் வைத்த கை இருந்தது. முகம் இருந்த இடத்தில் அழுக்கு வெள்ளையாக ஒரு குழம்பல், அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.

எட்டரைக்குப் பிரெஞ்சுப் புறநகரான பொண்டியில் சுபாங்கியின் தொலைபேசி அடித்தது. சுபாங்கி பொலிஸ் லெப்டினன்ட். அன்று விடுமுறை என்பதால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"சுபா, உடனை வா. சுவரை நாசமாக்கிப் போட்டினம். றொமேஷ்தான் செய்தவன் எண்டு பிடிச்சு வைச்சிருக்கினம். பத்து மணிக்குப் பொலிசுக்குப் போகப்போகினமாம். திங்கட்கிழமை அவனுக்குக் கார்ட் விசாரணை."

அக்‌ஷரா பள்ளிக்கூடத் தோழி. எண்ணெய்த் தலையோடு ரயிலேறினாள். வதிவிட அட்டைக்காக ஐந்து வருடம் காத்திருந்தவன் மேல் விசாரணைக்கு இரண்டு நாள் முன்னர் ஒரு பொலிஸ் முறைப்பாடு விழுந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கும்போதே அவளுக்குக் கோபம் ஏறியிருந்தது.

லா சப்பலில், தேர்த்திருவிழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த தமிழ்க் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது சங்க மண்டபம். அன்று மாலை நான்கு மணிக்கு அந்தச் சுவரின் திறப்பு விழா. இத்தாலியில் பயின்று வந்த அக்‌ஷரா, ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய ஓவியர்கள் செய்ததுபோல, ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் அதை வரைந்திருந்தாள். அந்தக் காலத்தவர்கள் மறந்துபோன கிரேக்க, ரோமானிய நூல்களை மீண்டும் தேடி எடுத்துப் படித்தார்கள். அந்த அறிஞர்களைச் சுவரில் வரைய வந்தபோது, தங்கள் தெருவில் இருந்த மனிதர்களின் முகங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள். மனிதன் என்றால் யாரும்தான் என்று சொல்ல அதைவிட நல்ல வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

அக்‌ஷராவும் அப்படியே செய்தாள். லா சப்பலின் மரக்கறிக் கடைக்காரர் வானியல் அறிஞராக நின்றார். முடிவெட்டுகிறவர் வைத்தியராக நின்றார். நடுவில், பழைய அலெக்சாந்திரியாவில் கணிதம் கற்பித்த பெண். அவளுக்கு அக்‌ஷரா கொடுத்த முகம் அற்புதமலருடையது. அந்த மண்டபத்தின் தரையையும் கழிவறையையும் பதினான்கு வருடமாகத் துடைப்பவள் அற்புதமலர்.

மண்டபத்தில் நான்கு பேர் இருந்தார்கள். சுபாங்கிக்கு முதலில் கண்ணில் பட்டவன் றொமேஷ். அற்புதமலரின் அக்காவின் மகன், மன்னார்ப் பொடியன். வலது கையில் கட்டுப் போட்டிருந்தான்; ஏதோ களவெடுத்தவனை இருத்தியதுபோல ஒரு மூலையில் கதிரை போட்டு அவனை இருத்தியிருந்தார்கள்.

"பிள்ளை, நீங்கள் பொலிஸ்தானே, நீங்களே பாருங்கோ," என்றார் சங்கத் தலைவர் செபஸ்டியன். உணவகக்காரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, விழா அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார். "சுவரிலை ரத்தம். இவன்ரை கையிலை காயம். மண்டபக் கதவுத் திறப்பும் இவனிட்டைத்தான். இன்னும் என்ன வேணும்?"

"இவன் ஏன் செய்ய வேணும்?"

"போன கிழமை இஞ்சை நிண்டு கத்தினவன். என்ரை சித்தியை ஏன் சுவரிலை ஏத்துறியள், சனம் பகிடி பண்ணவோ எண்டு. எல்லாரும் கேட்டது."

சுபாங்கி திரும்பினாள். "கத்தினனியோ?"

"ஓம் அக்கா, கத்தினனான்," என்றான் றொமேஷ். "சித்தியைப் பாத்து இஞ்சை ரெண்டு பேர் சிரிச்சவை. அதுதான். ஆனால் சித்தியின்ரை முகத்தை நான் அழிப்பனோ?"

"கையிலை என்ன?"

"நேற்றுப் பின்னேரம் எபினேயிலை, வேலை செய்யிற குசினியிலை கத்தி வெட்டினது. மத்தியானம் போனால் இரவு பதினொண்டுக்குத்தான் விடுவினம். பிறகு வந்து கதிரை அடுக்கிப் போட்டுப் போனனான். திரையைத் தொடவேயில்லை."

"தம்பியைக் கோவிக்காதேங்கோ," என்று ஒரு மென்மையான குரல் குறுக்கிட்டது. மகாலிங்கம் மாஸ்டர். ஊரில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர். அன்று மாலை மறுமலர்ச்சிக் காலத்து மானுடம் பற்றிப் பேசப்போகிறவர் அவர்தான். அந்த ஓகஸ்ட் புழுக்கத்திலும் கோட்டின் பொத்தான்களைப் பூட்டியிருந்தார். "எல்லாம் அறியாமை. மனிசனை மதிக்கிற பண்பாடு எங்கடை சனத்துக்கு இன்னும் வரேல்லை. கலையை அழிக்கிறவனுக்குச் சட்டம் ஒரு பாடம் படிப்பிக்கத்தான் வேணும்."

குசினியிலிருந்து அற்புதமலர் தேநீர்த் தட்டோடு வந்தாள். அழுதிருந்தாள், ஆனாலும் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் விட அவளால் முடியவில்லை. மகாலிங்கம் தன் கோப்பையை இடது கையால் வாங்கினார். அற்புதமலரின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சுபாங்கிக்குச் சுரீரென்றது. இந்த மனிதர் மேடையில் மட்டும் மனிதரை மதிப்பார்போல என்று நினைத்துக்கொண்டாள்.

செபஸ்டியன் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்," என்றார் மகாலிங்கம். "கோவில் விரதம்."

சுபாங்கி சுவரடியில் குந்தினாள். தரையில் ஒரு துகள் இல்லை. அற்புதமலரிடம் கேட்டாள்.

"மாமி, காலமை இதிலை கூட்டினனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டையும் தொடவேண்டாமெண்டு தலைவர் சொன்னவர்."

எழுந்து, முகம் இருந்த இடத்தை விரலால் தடவினாள். கெட்டியாக இருந்தது. ஆனால் அதில் நான்கு விரல்கள் வளைத்து வளைத்து இழுத்த தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. ஓரங்களில் சுண்ணாம்பு வழுவழுவென்று மடிந்து திரண்டிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள், நகம்தான் தேய்ந்தது.

"அக்‌ஷரா, இந்தப் பூச்சு எவ்வளவு நேரம் ஈரமாய் இருக்கும்?"

"நேற்றுக் காலமை பூசினது. மூண்டு மணிக்கு முகத்தை முடிச்சு, திரையை இழுத்து விட்டுட்டுப் போனனான். ஆறு மணி மட்டும் இளக்கமாய் இருந்திருக்கும். இருட்டினாப் பிறகு இறுகீடும். பிறகு உளி வேணும். நாள் போகப்போகக் கல்லுத்தான்."

"அந்தக் கோடு இருக்கிற இடத்திலை சிவப்புப் பூசினனியோ?"

"இல்லை. நீலம், பச்சை, காவி. சிவப்பே இல்லை."

"மூண்டுக்குப் பிறகு இஞ்சை ஆர் இருந்தது?"

செபஸ்டியன் எரிச்சலோடு சொன்னார். "நான் அறையிலை கணக்குப் பார்த்தனான். மாஸ்டர் மைக்கிலை பேச்சுப் பழகினவர். ஐஞ்சுக்கு நான் பூட்டினனான். திரையை ஒருத்தரும் விலக்கேல்லை. இப்ப அதை ஏன் கேக்கிறியள்? இது இரவுதானே நடந்தது!"

"இரவு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

சுபாங்கி பதிலுக்குக் காத்திராமல் அற்புதமலரிடம் திரும்பினாள்.

"மாமி, குசினியிலை தேசிக்காய் இருக்கோ?"

அற்புதமலர் பாதித் தேசிக்காய் ஒன்றைக் கொண்டுவந்தாள். சுபாங்கி அதைச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்துப் பிழிந்தாள். சாறு வழிந்த இடத்தில் சிவப்பு மெல்ல மங்கி, பளிச்சென்ற மஞ்சளாக மாறியது.

அற்புதமலர்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஐயோ, இது ஆலாத்தி."

"ஓம் மாமி, ஆலாத்தித் தண்ணிதான்," என்றாள் சுபாங்கி. "மஞ்சளிலை சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். அதிலை புளி பட்டால் திரும்ப மஞ்சளாகும். கலியாண வீட்டிலை தட்டுப் பிடிச்ச எல்லாருக்கும் இது தெரியும். ரத்தம் எண்டால் விடியிறதுக்குள்ளை கறுத்திருக்கும். தேசிக்காய்க்கு மஞ்சளாகாது. பொலிசுக்கு ஓடத் தெரிஞ்ச உங்களுக்கு இதைப் பாக்கத் தெரியேல்லை. ஏன் தெரியுமோ? கையிலை கட்டோடை ஒரு ஏழைப் பொடியன் நிண்டால், பிறகு ஒருத்தரும் சுவரைப் பாக்கிறதில்லை."

செபஸ்டியன் விசிறுவதை நிறுத்தினார்.

"இரவு செய்திருந்தால் சுரண்டியிருக்க வேணும். சுரண்டினால் நிலத்திலை தூள் கிடந்திருக்கும். தூள் இல்லை. விரல் அடையாளம் கிடக்கு. பூச்சு இளக்கமாய் இருக்கேக்கை, நேற்று மூண்டுக்கும் ஐஞ்சுக்கும் இடையிலை, ஆரோ ஈரக் கையாலை தேய்ச்சிருக்கினம். அந்த நேரம் றொமேஷ் எபினேயிலை. ஒரு குசினியே சாட்சி சொல்லும். இஞ்சை நிண்டது ரெண்டு பேர். விரலிலை மஞ்சள் இருந்தால் முழுக்கச் சிவந்திருக்கும். ஓரத்திலை மட்டும் கோடு எண்டால், தேய்ச்சவரின்ரை மணிக்கட்டிலை மஞ்சள் இருந்திருக்கு." அவள் குரல் தணிந்தது. அது கோபம் உச்சத்துக்குப் போனதன் அடையாளம். "அண்ணை, கையைக் காட்டுங்கோ."

செபஸ்டியன் இரண்டு கைகளையும் நீட்டினார். ஒரு மணிக்கூடும், கழுத்துச் சங்கிலியில் ஒரு சிலுவையும். மஞ்சளோடு அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

"மாஸ்டர், உங்கடை வலது கை."

மகாலிங்கம் அசையவில்லை. "இது என்ன அநாகரிகம்? என்னையோ கேக்கிறீர்?"

"கோவில் விரதம் எண்டனீங்கள். திருவிழா உபயகாரர் வலது மணிக்கட்டிலை மஞ்சள் காப்பு நூல் கட்டித்தானே விரதம் இருப்பினம்? இந்த வெக்கையிலை கோட்டுப் பூட்டியிருக்கிறியள். தேத்தண்ணியை இடக்கையாலை வாங்கினியள். மாமியை மதிக்காமல் வாங்கினியள் எண்டு நினைச்சன். அதுவும் உண்மைதான். ஆனால் வலக்கையை நீட்டினால் கோட்டுக் கை மேலை ஏறும்."

செபஸ்டியன்தான் போய் அவருடைய கையைப் பிடித்துக் கோட்டை மேலே இழுத்தார். தலைவர் முரடர்தான், ஆனால் தன்னை ஒருவர் மடையனாக்கியது புரிந்ததும் அந்த முரட்டுத்தனம் சரியான பக்கம் திரும்பியது. மணிக்கட்டில் காப்பு நூல் இருந்தது. கோவிலில் கட்டும்போது எல்லாருக்கும் மஞ்சள் நூல்தான். இவருடையதில் பாதி குங்குமச் சிவப்பு.

"நேற்றுக் காலமைதான் கோவிலிலை காப்புக் கட்டினவை. மஞ்சள் இன்னும் ஊறியிருந்திருக்கும்," என்றாள் சுபாங்கி. "ஒரு கத்தரிக்கோல் போதும், வெட்டி எறிஞ்சிருக்கலாம். ஆனால் திருவிழா முடியாமல் காப்பை வெட்டினால் தெய்வக் குத்தம். அந்தப் பயம் இருந்தது உங்களுக்கு. ஒரு மனிசியின்ரை முகத்தைத் தேய்க்கேக்கை ஒரு பயமும் வரேல்லை. அந்தப் பழியை ஒரு பொடியன்ரை தலையிலை போடேக்கையும் வரேல்லை."

மென்மையான குரல் அப்போதுதான் உடைந்தது.

"என்னை எங்கை இருத்தியிருக்கிறாள் எண்டு பாத்தனீரோ?" மகாலிங்கம் சுவரைக் காட்டினார். நடுவில் நின்ற ஆசிரியையின் காலடியில், ஏடு பிடித்து அண்ணாந்து பார்க்கும் மாணவர்களில் ஒருவருக்கு அவருடைய முகம். "முப்பது வருசம் படிப்பிச்சனான். நடுவிலை என்னைத்தான் கீறுவாள் எண்டு நம்பி முகம் குடுத்தனான். நேற்றுத் திரையை விலக்கிப் பாத்தால், கக்கூஸ் கழுவுறவளின்ரை காலடியிலை என்னை இருத்திக் கிடக்கு! ஊரிலை இவையளை எங்கடை வளவுக்குள்ளையும் விடமாட்டம்!"

றொமேஷ் கதிரையை உதைத்து எழுந்தான். சுபாங்கி கையை நீட்டி அவனை மறித்தாள். அவளுக்கும் அடிக்க வேண்டும்போலத்தான் இருந்தது.

"போங்கோ மாஸ்டர்," என்றாள். "பின்னேரம் மானுடம் பேச வரவேண்டாம். பேசவேண்டியதை இப்பவே பேசிப் போட்டியள்."

அவர் போனபின் செபஸ்டியன் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு. வெளியிலை தெரிஞ்சால் சங்கத்துக்கு மானக்கேடு. இதை இப்பிடியே விடுவம்."

"றொமேஷ் எண்டு நினைச்சபோது மானக்கேடு இல்லையோ அண்ணை?" சுபாங்கியின் சத்தத்தில் சுவரே அதிர்ந்தது. "பத்து மணிக்குப் பொலிசுக்குப் போக வெளிக்கிட்டனீங்கள்தானே? போங்கோ. பெயரை மட்டும் மாத்திச் சொல்லுங்கோ. நான் சாட்சி. போக முதல் இவனிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. மூலையிலை இருத்தி இல்லை, நடுவிலை நிக்க வைச்சு."

செபஸ்டியன் கேட்டார். குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனாலும் கேட்டார்.

அக்‌ஷரா மணியைப் பார்த்தாள். "பழசைக் கொத்தி எடுத்துப் புதுசாய்ப் பூசினால், நாலு மணிக்குள்ளை முகம் முடிப்பன். சுண்ணாம்பு குழைக்க ஆள் வேணும்."

ஊரில் மேசன் வேலை செய்தவன் றொமேஷ். ஒற்றைக் கையால் வாளியை இழுத்துக்கொண்டு வந்தான்.

அற்புதமலர் ஏப்ரனைக் கழற்றாமலே வெளிச்சத்துக்கு எதிரே கதிரையில் அமர்ந்தாள். அவளுடைய தாடை இறுகியிருந்தது. கண்கள் காய்ந்து நேராகப் பார்த்தன.

"நேற்று மாதிரிச் சிரிக்கட்டோ பிள்ளை?"

"வேண்டாம் மாமி. இப்ப இருக்கிற மாதிரியே இருங்கோ."

சுபாங்கி சுவரில் ஆசிரியையின் காலடியில் இருந்த மகாலிங்கத்தின் முகத்தைக் காட்டினாள். "இவரை என்ன செய்யப்போறாய்? உளி இருக்கு. கொத்தி எறி."

அக்‌ஷரா கேள்வியோடு அற்புதமலரைப் பார்த்தாள். அற்புதமலர் சுவரில் தன் உருவத்தின் காலடியில் இருந்த அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அவர் இருக்கட்டும்," என்றாள். "அவர் இன்னும் படிக்கேல்லை."