இடது ஸ்பீக்கர்

புது ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்ட முதல் நாளே அம்சவல்லியின் காதில் அது விழுந்தது. கணவன் கோதண்டபாணியின் குரல் ஒரு ஜவுளிக்கடைக்காக ஊரையே வருந்தி வருந்தி அழைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால், அறையின் ஏதோ மூலையில், யாரோ விரல் முட்டியால் எதையோ இரண்டு முறை தட்டினார்கள். கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு. அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவனோ தன் குரலைத் தானே ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

விருத்தாசலத்தில் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகும் அறிவிப்புகளில் பாதி அவன் குரல்தான். கடைத் திறப்பு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாமே வீட்டின் பின்னறையில், சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டிய இடத்தில் பதிவாகும். இருபது வருஷம் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றதில் காது பாதி போய்விட்டது; அதை ஒத்துக்கொள்ள மட்டும் அவனுக்கு மனசு வராது. கம்ப்யூட்டரோடு வந்த ஸ்பீக்கர் எதைக் கொடுத்தாலும் தொம்தொம்மென்று அழகாக்கிக் காட்டும். அதை நம்பி அவன் முடித்துக் கொடுத்தது ரோட்டில் கீச்சென்று கத்தியது. கல்யாணத் தேதியே புரியவில்லை என்று ஒரு மண்டபத்துக்காரர் சிடியைத் திருப்பி அனுப்பியபோதுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்டுடியோக்களில் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், உள்ளதை உள்ளபடி சொல்வது, ஒரு ஜோடியாவது வேண்டும் என்று அலைந்தான். கடைசியில் பாண்டிச்சேரியில் ஸ்டுடியோவை மூடிய ஒருவர், கைக்கு எட்டுகிற விலையில் மூன்று ஜோடி கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்.

தேர்ந்தெடுக்க அம்சவல்லியைத்தான் உட்கார வைத்தான். அவள் காது அப்பேர்ப்பட்டது. பீங்கான் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. சூளையிலிருந்து ஆறி வரும் ஜாடியையும் இன்சுலேட்டரையும் முட்டியால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். கணீரென்றால் வலது பக்கம். மொத்தையாகக் கேட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. அது இடது பக்கம். இடது பக்கம் போனதையெல்லாம் ஷிஃப்ட் முடியும்போது உடைத்துவிட வேண்டும், இரண்டாந்தரமாகக்கூட வெளியே போய்விடக் கூடாது. ஒரு நாளைக்கு ஆயிரம் உருப்படி. பாதி நேரம் மனசு வேறெங்கோ இருக்கும், கைதான் வேலை பார்க்கும்.

முதல் ஜோடியில் கோதண்டபாணியின் குரல் மந்திரி குரலாக முழங்கியது. அவனுக்கு அதைத்தான் பிடித்தது. இரண்டாவது காதைக் குத்தியது. மூன்றாவது சின்னது, கறுப்பு, ஓரத்தில் கீறல். அதில் அவன் மூக்கடைப்பு, வெற்றிலை எச்சில், மூச்சு வாங்குவது எல்லாம் அப்படியே வந்து நின்றன.

“இது பொய் சொல்லலிங்க. இதையே வச்சிக்குவோம்” என்றாள்.

தட்டும் சத்தத்தைச் சொன்னபோது அவன் சிரித்தான். கம்பெனியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாயா என்று கேலி செய்தான். பதிவின்போது நாய் குரைத்தாலும் குக்கர் கத்தினாலும் சொல்வதற்காக அவளும் அறைக்குள்ளேதான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். பேசுகிறவர் அவளுக்கு முதுகைக் காட்டி மைக்கைப் பார்த்து நிற்பார். அப்போது அவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது. பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தாள். போன மாதத்தில் இருந்தது. போன வருஷத்திலும் இருந்தது. பழைய ஸ்பீக்கர் இத்தனை நாள் மூடி மறைத்து வைத்திருந்திருக்கிறது.

ஒவ்வொரு பதிவிலும் அது ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனது. பீரோ, குடம், ஜன்னல் கண்ணாடி. எது எதுவென்று அவளால் சொல்ல முடிந்தது. எல்லாம் கணீரென்றே கேட்டன. ஒரு செவ்வாய்க்கிழமை, கதவோரம் வைத்திருந்த ஊறுகாய் ஜாடி மொத்தையாகக் கேட்டது. அதைத் தொடர்ந்து எதையோ தரையில் மெல்ல இழுத்து நகர்த்தும் சத்தம், வலது ஸ்பீக்கரில் தொடங்கி இடது ஸ்பீக்கரில் போய் நின்றது. கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து பின்னறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். ஜாடி கதவோரம் இல்லை. அறையின் இடது மூலையில் தூள்தூளாகக் கிடந்தது. எலுமிச்சை ஊறுகாய் எண்ணெயும் புளிப்புமாக முட்டை அட்டையில் ஊறி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பூனை தள்ளியிருக்கும் என்றான் கோதண்டபாணி. அவளும் அப்படியே நம்பிவிட ஆசைப்பட்டாள்.

அடுத்த வாரம் தெருக்கோடி கோவிந்தசாமி வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கோயில் திருவிழா அறிவிப்புக்கு அவர்தான் எப்போதும் குரல் கொடுப்பார். பேசி முடித்து, அம்சவல்லி போட்ட டீயைக் குடித்து, “சக்கர தூக்கலா இருக்குதும்மா” என்று குறையும் சொல்லிவிட்டு, பின்தலையைத் தடவிக்கொண்டே போனார். அவர் போனபின் ஸ்பீக்கரைப் போட்டாள். பழமலைநாதர் பெயரை அவர் சொல்லும்போது இரண்டு தட்டு. பீங்கான் அல்ல, மரமும் அல்ல. தோலுக்கு அடியில் எலும்பு. மொத்தைச் சத்தம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் குளியலறையில் தலை அடிபட்டுக் கிடந்தார். வழுக்கி விழுந்துவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கான கண்ணீர் அஞ்சலியைக் கோதண்டபாணியே பேசிப் பதிவு செய்தான். அம்சவல்லி அதைக் கேட்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

மகள் வெண்பா இரண்டாம் வகுப்பு. ஸ்கூல் ஆண்டு விழாப் பாட்டை ஞாயிற்றுக்கிழமை மைக்கில் பாடவைத்து சிடி போட்டுத் தருவதாக கோதண்டபாணி வாக்குக் கொடுத்திருந்தான். பிள்ளை நாலு நாளாகப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் பாடித் திரிந்தது. அம்சவல்லியின் கண் பின்னறைக் கதவிலேயே இருந்தது. இந்த அறைக்குள் வெண்பா காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் அது அவளையும் தட்டிப் பார்க்கும்.

“புள்ள இந்த ரூமுல பாட வேணாங்க” என்றாள்.

“ஏன், என்ன ஆச்சி ஒனக்கு?”

அவள் எழுந்துபோய்ப் பின்னறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பாள்.

சனிக்கிழமை அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிடி கொடுக்கப் போனான். வெண்பா டியூஷனில் இருந்தாள். தட்டுவது எதுவானாலும் இன்றைக்குக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அம்சவல்லி முடிவு செய்தாள். பதிவை ஓடவிட்டு, அறையைப் பூட்டி, வாசலில் போய்ப் பத்து நிமிஷம் நின்றாள். திரும்பி வந்து போட்டுக் கேட்டாள். ஃபேன் சத்தம். தூரத்தில் ஜங்ஷனில் ஏதோ வண்டி. வேறொன்றும் இல்லை. அவளுக்கு உயிர் வந்தது.

பிறகு தானே உள்ளே உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு பத்து நிமிஷம் பதிவு செய்தாள். அறை நிசப்தமாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

இரண்டு தட்டு. நாற்காலி.

இரண்டு தட்டு. மேஜை.

நடுவில் புடவை உரசும் சத்தம். ஒரு வளையல் சத்தம். கண்ணாடி வளையல், இரண்டில் ஒன்று லேசாக விரிசல் விட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கன்று வாங்கியது.

குனிந்து கையைப் பார்த்தாள். வலது நடுவிரல் முட்டியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதில் மேஜையின் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். சோறு வடித்தது ஞாபகம் இருந்தது. அதன்பின் சாயங்காலம் விளக்கு ஏற்றியது. நடுவில் ஒன்றுமே இல்லை.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. ஸ்பீக்கர் விளக்கு அணைந்தது. அந்த வருஷம் தினமும் போகிற கரண்ட்தான். வலது கையை முந்தானையில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். வீட்டுக்காரர் வந்ததும் சொல்லிவிட வேண்டும். என்னைக் கட்டிப்போடுங்கள் என்று சொல்ல வேண்டும். பிள்ளையை ஸ்ரீமுஷ்ணத்துக்கு, தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். இப்போதே. இந்த நிமிஷமே.

கதவு திறந்தது. சின்னக் கால்கள்.

“அம்மா, எங்க இருக்க? இருட்டா இருக்குது.”

வராதே என்று சொல்ல நினைத்தாள். குரல் எழும்பவில்லை. வெண்பா தடவித் தடவி வந்து மடியில் தலை வைத்தாள். எண்ணெய் வாசம், சாக்பீஸ் வாசம். ஆண்டு விழாப் பாட்டை முணுமுணுத்தாள். அம்சவல்லி இடது கையால் அவளை இறுக்கிக்கொண்டாள்.

பாட்டு நின்றது.

“ஏம்மா என்னத் தட்டுற?”

அம்சவல்லி எதையும் உணரவில்லை. ஆனால் காதில் விழுந்தது. ஸ்பீக்கர் வேண்டியிருக்கவில்லை. இரண்டு தட்டு. மொத்தை. பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பாத காது.

இல்லை. இல்லை. இது தப்பு.

முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. வலது கை பிள்ளையின் அக்குளைப் பிடித்தது. கீறல் விழாமல், பக்குவமாகத் தூக்கியது. இடது பக்கம் வைத்தது.

வெண்பா சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். தவழ்ந்து திரும்பி வந்தாள். கை மறுபடி தூக்கியது. மறுபடி இடது பக்கம். இன்னும் பெரிய சிரிப்பு. ஓடு என்று கத்தினாள் அம்சவல்லி. வாய் அசையவே இல்லை.

மூன்றாவது தடவையும் வெண்பா வந்தாள். மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு, மடியில் தலையைப் போட்டாள்.

இந்தத் தடவை கை அவளை நகர்த்தவில்லை. இருட்டில், மெதுவாக, மேலே எழும்பியது.