சிவந்த குதிகால்

"ஐயோ… என் ராசா!"

ஞானபூரணத்தின் அலறல் வேதக்கோயிலின் உயர்ந்த கூரையில் முட்டித் திரும்பியது.

சாரத்தின் அடியில் அவள் புருஷன் கிடந்தான். கொத்தனார் ஏசுவடியான். கழுத்து திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

கோயில் கமிட்டி செயலாளர் சுந்தரராஜ் வாசலில் செருப்பைக் கழற்றினார். முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

சோகம் சரியாக வரவில்லை.

விடிகாலையில் அவனைச் சாரத்திலிருந்து தள்ளிவிட்டவரே அவர்தான்!

வருகிற ஞாயிறு கோயிலுக்கு நூறு வயது. 1879-இல் கட்டியது. பிஷப் வருகிறார். 'இவ்வாலயத்தைக் கட்டியவர் வேதமாணிக்கம்' என்ற சலவைக்கல்லைத் திறக்கிறார். வேதமாணிக்கம், சுந்தரராஜின் பூட்டனார். சங்கரன்கோவிலில் அந்தக் குடும்பம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதே அந்த ஒரு பேரால்தான்.

நேற்று அந்தியில் ஏசுவடியான் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

"அண்ணாச்சி, பழைய பூச்சைக் கொத்துனேன்… உள்ள ஒரு கல்லு! கட்டினது மாசிலாமணி கொத்தன்னு போட்டிருக்கு. எங்க பூட்டன்லா!"

கொத்தனுக்கெல்லாம் ஒரு பூட்டன்!

இப்போது அந்தக் கல்லின்மேல் புதுச் சுண்ணாம்புச் சாந்து. அரையிருட்டில் சுந்தரராஜே அப்பியது.

இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம் தொந்தியைத் தடவியபடி கூரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

'இந்த மூளைக்கு சர்க்கார் சம்பளம் வேறு!'

"சாரம் வழுக்கி விழுந்திருப்பான் சார்," என்றார் சுந்தரராஜ்.

"இருக்கும், இருக்கும். நீங்க கடைசியா இங்கன எப்ப வந்தீங்க?"

"போன ஞாயிறு ஆராதனைக்கு. பெறவு எட்டிப்பாக்கல."

"பழைய கட்டடம் போல! எனக்கு ஒண்ணும் தெரியாது சார்… கொஞ்சம் சுத்திக் காட்டுங்களேன்."

பிணம் கிடக்கிற இடத்தில் இவனுக்கு வேடிக்கை! ஆனாலும் பூட்டனார் பெருமை… சொல்லாமல் விட முடியுமா?

சுந்தரராஜ் நடந்தார். சாய்ந்து கிடந்த தொட்டியிலிருந்து தரையெல்லாம் ஈரச் சுண்ணாம்பு. இடது குதிகாலின் வெடிப்பில் சுரீர் என்றது.

"சுவரப் பாருங்க. ரெண்டு முழக் கனம்! சிமென்ட் ஒரு சிட்டிகை கெடையாது. சுண்ணாம்பு, மணலு, கடுக்காத் தண்ணி, கருப்பட்டி. இடையில தூணே இல்ல. அம்புட்டுக் கூரையும் தேக்குச் சட்டத்துல நிக்குது. கோபுரத்து மணி சீமையில வார்த்தது. தூத்துக்குடி வரைக்கும் கப்பல்… அங்கேருந்து மாட்டு வண்டி. எல்லாம் எங்க பூட்டனார் மூளை!"

"அப்ப கொத்தனார் மூளை?"

"கொத்தனா?" சிரித்தார். "அவன் சொன்னதச் செய்யுத கை சார். கைக்கெல்லாம் கல்லுல பேரு வெட்டுவாங்களா?"

ஞானபூரணத்தின் அழுகை சட்டென்று நின்றது.

அவள் பார்வை பிணத்தின்மேல் இல்லை. தரையில் இருந்தது.

"சார்… தடம் விழுந்துட்டு சார்!"

"திரும்பிப் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

சுந்தரராஜ் திரும்பினார்.

வெள்ளைத் தரையில் அவர் காலடித் தடங்கள். ஒவ்வொரு இடது குதிகாலும்… குங்குமச் சிவப்பு!

"ர… ரத்தமா?"

"மஞ்சளு அண்ணாச்சி," என்றாள் ஞானபூரணம். "சுண்ணாம்புல பட்டா செவக்கும். அடுப்படிப் பக்கம் ஒருநாளாவது போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பித்தவெடிப்புக்கு மனைவி இரவும் காலையும் போட்டுவிடும் மஞ்சள் பற்று!

கோமதிநாயகம் சாரத்தின் அடியில் கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கினார்.

அங்கேயும் ஒரு தடம். அதே அளவு. அதே சிவப்பு.

"காலையில இந்தம்மாதான் காட்டிச்சு. ஏம்மா, இந்தச் சுண்ணாம்பு எப்ப குழைச்சது?"

"நேத்து அந்திக்கு சார். நாந்தான் குழைச்சேன்."

"போன ஞாயிறு வந்த காலு, நேத்துக் குழைச்ச சுண்ணாம்புல எப்படி சார் பதிஞ்சுது?"

சுந்தரராஜ் இடது காலை வலது காலுக்குப் பின்னால் மறைத்தார்.

இன்ஸ்பெக்டர் செத்தவனின் கொத்துக்கரண்டியை எடுத்துச் சாரத்தில் ஏறினார். தொந்தியோடு அத்தனை வேகமாக ஏறுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சுவரில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் காயாமல் மின்னிய ஈரச் சாந்தை வழித்தார். உரக்க வாசித்தார்.

"'கட்டியவன் மாசிலாமணி கொத்தன்.' கீழ இன்னும் எழுத்து இருக்கும்போலயே…"

கீழே பழைய பூச்சு. கொத்தினார். ஒரு சாண் உதிர்ந்தது.

"'இடம் தந்தவர் வேதமாணிக்கம்.'"

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார்.

"அவன் இன்னும் ஒரு சாண் கொத்துறதுக்குள்ள என்னவே அவசரம்? உம்ம பூட்டன் பேரும் வந்திருக்குமே!"

சுந்தரராஜ் அந்த இரண்டாவது வரியையே அண்ணாந்து பார்த்தார்.

கான்ஸ்டபிள் விலங்கு மாட்டினான். வெறுங்காலோடு வாசல் தாண்டப் போனவரை இன்ஸ்பெக்டர் தடுத்தார்.

"கொலை பண்ண வந்தப்பவும் செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் வந்திருக்கீரு… என்னா பயபக்தி! இப்ப மாட்டிக்கிட்டு வாரும்வே. ஸ்டேஷன் ஒண்ணும் கோயில் இல்ல!"