குண்டுப் புத்தகமும் பீப்பர்ஸும்

பாண்டிமீனாவின் கணக்கில், ஒரு புத்தகம் எவ்வளவு குண்டோ அவ்வளவு நல்லது. அவள் ஊரான பரவையின் நூலகத்தில் இருப்பதிலேயே குண்டானது, கீழ்த்தட்டில் கிடந்த ஓர் ஆங்கில அகராதி. அதைத் தூக்க அவளுக்கு இரண்டு கைகளும் ஒரு முழங்காலும் வேண்டியிருந்தன. அட்டை தேய்ந்து, 'டிக்‌ஷனரி' என்ற சொல் மட்டும்தான் மிச்சம்.

அதனால், ஆறாம் வகுப்பில் கூடப் படிக்கும் அருண்பாண்டி வந்து கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"மீனா, நாளைக்குப் பிரேயர்ல இங்கிலீஷ் சொல் சொல்றது என் முறை. யாருமே சொல்லாத சொல்லா ஒண்ணு குடு."

நேராக நூலகத்துக்குப் போய்க் குண்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். கண்ணில் பட்டது 'பீப்பர்ஸ்'. பொருள், கண்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஏதேதோ இருந்தது. அதை யார் படிப்பது?

"அம்புட்டுப் பெரிய புத்தகத்துல இருக்கு. டீச்சரே அசந்துருவாங்க பாரு" என்றாள்.

டீச்சர் அசந்துதான் போனார்.

"பீப்பர்ஸ் என்றால் கண்கள். மை பீப்பர்ஸ் ஆர் பிளாக்" என்று அருண்பாண்டி மைக்கில் முழங்கியதும், சுபலட்சுமி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணுக்கு ஐஸ்னுதானே சொல்லுவோம்? இந்தச் சொல்லை எங்கேப்பா பிடிச்ச?"

"புத்தகத்துல இருக்கு டீச்சர்."

டீச்சர் பள்ளிக்கூட அகராதியை எடுத்து வரச் சொல்லிப் புரட்டினார். அதில் இல்லை.

"சொல் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. நீயா இட்டுக்கட்டக் கூடாது."

பள்ளிக்கூடமே சிரித்தது. அருண்பாண்டி மேடையில் நின்றபடி பாண்டிமீனாவைப் பார்த்தான். 'நான்தான் கொடுத்தேன்' என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் தலையைக் குனிந்துகொண்டாள்.

மத்தியானத்துக்குள் அவனுக்கு 'பீப்பர்' என்று பேராகிவிட்டது. கடைசி பெஞ்ச் அழகுபாண்டி, "என்ன மாப்ள, பீப்பர்ஸ் கலங்குது?" என்று கேட்டதும் மறுபடி சிரிப்பு.

மணி அடித்ததும் பாண்டிமீனா அவன் பின்னால் ஓடினாள். அருண்பாண்டி திரும்பி நின்றான். சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் காட்டினான்.

காய்! இனிமேல் பேச்சு கிடையாது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் ஒருமுறைகூடக் காய் விட்டதில்லை. பாண்டிமீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் குண்டுப் புத்தகத்தை நூலகர் நல்லகாமன் மேசையில் 'தொப்'பென்று வைத்தாள்.

"அண்ணே, இதுல இருக்கிறது பொய்யா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். "பொய்யில்லத்தா. ஆனா இது வேற மாதிரி அகராதி. இங்கிலீஷ்காரங்க பள்ளிக்கூடத்துல எழுதுற சொல்லு இல்ல, தெருவுல பேசுற சொல்லு. நாம கண்ணுங்கிறத 'முழி'ங்கிறோம்ல, அந்த மாதிரி."

"அதையெல்லாம் புத்தகமாப் போடுவாங்களா?"

"போட்டிருக்காங்களே! படிச்சுப் பாரு."

பாண்டிமீனா எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். முட்டிய இடத்தில் நல்லகாமன் கைகொடுத்தார். 'கிரப்' என்றால் சாப்பாடாம். நாய்கள் என்று பொருள்படும் 'டாக்ஸ்', தெருப் பேச்சில் பாதங்களாம்.

"என் நாய் வலிக்குதுன்னா கால் வலிக்குதுன்னு அர்த்தமாண்ணே?"

"அப்படித்தான் போல" என்று அவரும் சிரித்தார்.

லண்டன் சந்தை வியாபாரிகள் படிக்கட்டை 'ஆப்பிளும் பேரிக்காயும்' என்பார்களாம்; படிக்கட்டான 'ஸ்டேர்ஸோ'டு பேரிக்காயான 'பேர்ஸ்' ஓசை ஒத்துப்போகிறதாம். அந்த இடத்தில் பாண்டிமீனாவின் விரல் நின்றுவிட்டது. சந்தை வியாபாரிகளா?

அவள் அப்பா பரவைச் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்குகிறவர். அவர் பேசுவதைக் கேட்டு, பள்ளிக்கூடத்தில் இப்படிப் பேசாதே என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இங்கே யாரோ ஒருவர், சந்தையில் கத்துகிறவர்கள் பேச்சையும் கப்பலில் கயிறு இழுக்கிறவர்கள் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். திருடர்களின் பேச்சைக்கூட விடவில்லை. ஒவ்வொரு சொல்லையும் யார் பேசினார்கள், எந்தக் காலத்தில் பேசினார்கள் என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அவள் திரும்பவும் 'பீப்பர்ஸ்' இருந்த பக்கத்துக்கு வந்தாள். இந்த முறை பொடி எழுத்தையும் விடவில்லை.

"அண்ணே, இது முந்நூறு வருசத்துக்கும் மேலே பழசாண்ணே?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

பாண்டிமீனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. முந்நூறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரு தெருவில் நின்று, சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் நின்ற தெருகூட இப்போது இருக்குமோ என்னவோ. அவர் வாயிலிருந்து வந்த சொல் மட்டும் கடலைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டைப் பிடித்து, பரவைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நேற்று அருண்பாண்டி கைக்கு வந்தது அந்தச் சொல்தான். அதைப் போய் இட்டுக்கட்டியது என்று சொல்லிவிட்டார்களே!

"அண்ணே, ஒரே ஒரு நாள் இதை எடுத்துட்டுப் போகட்டுமா?"

"இதை வெளியே குடுக்க முடியாதுத்தா. யாரு வேணும்னாலும் இங்க வந்து பாக்கலாம்."

மறுநாள் பிரேயரில் சொல் சொல்வது வேறு யாருடைய முறையோ. பாண்டிமீனா வரிசையிலிருந்து விலகி மேடையேறினாள்.

"டீச்சர், அந்தச் சொல்ல அருண்பாண்டி இட்டுக்கட்டல. நான்தான் குடுத்தேன். நேத்தே சொல்லியிருக்கணும், பயமா இருந்துச்சு. அது தெருவுல பேசுற இங்கிலீஷாம். நான்தான் பொடி எழுத்தப் படிக்காம விட்டுட்டேன். புத்தகம் நூலகத்துல இருக்கு. வந்து பாருங்க டீச்சர்!"

சுபலட்சுமி டீச்சர் அருண்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, வாரேன். என் பீப்பர்ஸால பார்த்துட்டே சொல்றேன்" என்றார். பள்ளிக்கூடம் மறுபடி சிரித்தது. இது வேறு சிரிப்பு.

கடைசி பீரியடில் ஆறாம் வகுப்பு முழுவதும் சந்தையோரமாக வரிசையில் நடந்தது. நல்லகாமன் குண்டுப் புத்தகத்தை மேசை நடுவில் விரித்து வைத்திருந்தார். டீச்சர் ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் படித்தார். உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா இங்கிலீஷ் சொல்லித் தர்றேன். இம்புட்டு இருக்கும்னு தெரியாமப் போச்சே" என்றார் மெதுவாக. வகுப்பில் 'இவ்வளவு' என்று சொல்லச் சொல்லும் டீச்சர், தாம் 'இம்புட்டு' என்றதைக் கவனிக்கவே இல்லை.

பிறகு எழுந்து, "அருண்பாண்டி, நான் சரியா விசாரிக்காம உன்னைச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கப்பா" என்றார். அருண்பாண்டி காது சிவக்கத் தலையாட்டினான். பாண்டிமீனா பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அவள் மனசு கனத்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"டீச்சர், நாம பேசுறதுக்கும் இப்படி ஒண்ணு எழுதலாமா?"

"எழுதலாமே! கெட்ட வார்த்தை மட்டும் கூடாது."

ஆர்வமாகக் கையைத் தூக்கிய அழகுபாண்டி, சத்தமில்லாமல் கீழே இறக்கினான்.

நல்லகாமன் பழைய காலண்டர் தாள்களைக் கொடுத்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதினார்கள். 'லந்து: கேலி, குறும்பு.' 'அலப்பறை: தேவையில்லாத ஆர்ப்பாட்டம்.' ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். 'அழகுபாண்டி அலப்பறை பண்ணுகிறான்' என்றே பல பேர் எழுதியிருந்தார்கள்.

அருண்பாண்டி தன் தாளைப் பாண்டிமீனா முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

'காய்: சண்டை போட்டுப் பேசாமல் இருப்பது. வாக்கியம்: அருண்பாண்டி பாண்டிமீனாவோடு காய்.'

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான், அடியில் இன்னொரு தாள் இருப்பது தெரிந்தது.

'பழம்: காய் விட்டவர்கள் மறுபடி சேர்ந்துகொள்வது. வாக்கியம்:'

அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அவள் நிமிர்ந்தாள். அருண்பாண்டி ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றான்.

"வாக்கியத்த நீ எழுது" என்றான்.

பாண்டிமீனா தன் இரண்டு விரல்களால் அவன் விரல்களைத் தொட்டாள். பிறகு பேனாவை எடுத்து எழுதினாள்: 'அருண்பாண்டியும் பாண்டிமீனாவும் பழம்.'

அருண்பாண்டி பேனாவை வாங்கி, குண்டுப் புத்தகத்தில் இருந்ததுபோலவே அதன் கீழே பொடி எழுத்தில் சேர்த்தான்: 'முதலில் எழுதப்பட்டது: பரவை, இன்று சாயங்காலம்.'