காணாமல் போன கோடுகள்

"ஒண்ணுமே தெரியல," என்றார் சித்தி, மூன்றாவது முறையாக.

சித்திக்குக் கண்ணாடித் தட்டுகளைத் தேய்த்துச் சமமாக்கும் வேலை. தேய்த்த தட்டின் மேல் மேடுபள்ளமே இல்லாத இன்னொரு தட்டை வைப்பார். ஓர் ஓரத்தில் மட்டும் மெல்லிய தாளைச் செருகுவார். இரண்டுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி கொஞ்சம் காற்று நிற்கும். அந்தக் காற்றின் மேலும் கீழும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஒன்று சேர்ந்து, சில இடத்தில் கூடும், சில இடத்தில் அணைந்துவிடும். மஞ்சள் விளக்கடியில் சாய்வாகப் பார்த்தால் அது கோடு கோடாகத் தெரியும். கோடு நேராக இருந்தால் தட்டு சமம்.

இன்று கோடே இல்லை.

சித்திக்குக் கண்வலி. ஒரு வாரத்துக்குக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் நேற்றுதான் போட்டுவிட்டிருந்தார்.

"எனக்குத் தெரியுதே சித்தி," என்றாள் சிறுமி நண்டு. ஓரிடத்தில் நிற்காததால் வந்த பெயர் அது. "நேரா, வரிசையா இருக்கு."

"எனக்காகச் சொல்லாத. கண்ணு போயிடுச்சு போல." சித்தி முக்காலியிலிருந்து எழுந்தார். "இனிமே இந்த வேலைய எப்படிப் பாப்பேன்?"

நண்டு சுவர்க் காலண்டரைக் காட்டினாள்.

"காலண்டர்ல கீழ இருக்கற பொடி எழுத்தப் படிங்க பாப்போம்."

சித்தி ஓர் எழுத்து தப்பாமல் படித்தார். எறும்பு அளவு எழுத்தைப் படிக்கிற கண்ணுக்குக் கோடு மட்டும் ஏன் தெரியவில்லை?

"கண்ண மூடிக்கிட்டு அந்தக் கறுப்புக் கண்ணாடியக் குடுங்க."

நண்டு சித்தியின் முக்காலியில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தாள். கோடுகளைக் காணோம். பெரிய கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. பிடித்து நிமிர்த்தப் போனவள் செங்குத்தாகத் திருப்பிவிட்டாள். கோடுகள் வந்தன. படுக்க வைத்தாள். போயின.

"சித்தி, இதப் போட்டுக்கிட்டுத் தலையத் தோள் பக்கம் சாயுங்க."

சித்தி முக்காலியில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி தலையைச் சாய்த்தார். "வருது," என்றார் மெதுவாக. "கண்ணு கூசாம இருக்கத்தான் இதுன்னு டாக்டர் சொன்னார். தண்ணி, கண்ணாடித் தட்டு இதுங்க மேல சாய்வாப் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பெரும்பாலும் ஒரே பக்கமாத்தான் ஆடுமாம். அத மட்டும் இது தடுத்துடுமாம்."

"கோடும் தெறிச்சு வர்ற வெளிச்சம்தானே. தலை சாஞ்சா இதுவும் திரும்பிடுது, அதத் தடுக்க முடியல."

"ஆமா. இது தெரியாம கண்ணே போச்சுன்னு நெனச்சேனே."

மாலையில் சித்தப்பா வந்தார். "என்ன, ரெண்டு பேருக்கும் கழுத்துப் பிடிப்பா?"

"பேசாம இருங்க. இன்னும் நாலு தட்டு பாக்கணும்," என்றார் சித்தி, தலையைச் சாய்த்தபடியே.

கறுப்புக் கண்ணாடி போடாத நண்டுவும், சித்திக்குத் துணையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.