கேட்பவர் பேசக் கூடாது!

போன் அலறியது.

ஒன்று...

சின்னவள் கையிலிருந்த சூப் கிண்ணத்தை அப்படியே மேஜையில் வைத்தாள்.

இரண்டு...

கட்டிலில் கிடந்த அண்ணனின் வாயைத் துடைத்துவிட்டுப் பாய்ந்தாள்.

மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்!

"குட் மார்னிங் ஸார்!"

"தேய்மானம் பத்து ரூபா ஏறுது. வரி முப்பது சதவீதம். என்ன ஆகும்? சொல்லு!"

"லாபம் ஏழு ரூபா குறையும் ஸார். ஆனா தேய்மானத்துக்காகக் கையிலேர்ந்து காசு போறதில்ல. வரியில மூணு ரூபா மிச்சம். அதனால கையிருப்பு மூணு ரூபா கூடும்."

"மூச்சு வாங்குதே? நாய் துரத்துச்சா?"

"சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்தேன் ஸார்."

"நாளைக்கு எங்க பேங்க்ல உனக்கு நிஜ இண்டர்வியூ. இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கடைசி ஒத்திகை. உன் மதிப்பீட்டு ஷீட்டோட வா. காது யாரு?"

"ஏற்பாடு பண்ணிட்டேன் ஸார்."

டக்!

அவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'மூணு மணி'. முதலீட்டு வங்கியில் பெரிய அதிகாரி. கல்லூரியின் வழிகாட்டித் திட்டத்தில் வருஷத்துக்கு நான்கு பேரைப் பொறுக்கி எடுப்பார். அவர் கை காட்டினால் இன்டர்ன்ஷிப் கிடைத்த மாதிரிதான்.

அவருக்கு இரண்டே சட்டம்.

மூன்றாவது மணிக்குள் போனை எடுக்க வேண்டும்.

ஒத்திகையின்போது வெளியிலிருந்து ஒருவர் ஸ்பீக்கர் போனில் கேட்டுக்கொண்டே தப்புகளைக் குறிக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் 'காது'. கடைசியில் மார்க் கேட்கும் வரை காது இருமக்கூடக் கூடாது!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதரிடம்தான் அண்ணனும் கற்றான். இன்டர்ன்ஷிப்பும் வாங்கினான். பத்தாவது வாரம், ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கப் போகிற ரகசியம் வெளியே கசிந்தது. அண்ணனின் கம்ப்யூட்டரிலிருந்துதான் மெயில் போயிருக்கிறது என்றார்கள். மறுநாள் கார் நிறுத்தும் மாடியிலிருந்து விழுந்து கிடந்தான். 'அவமானம் தாங்காமல் குதித்துவிட்டான்' என்று எழுதி மூடிவிட்டார்கள்.

நாற்காலி மேல் ஏறிப் பல்பு மாட்டவே பயப்படுகிறவன், கைப்பிடிச் சுவர் மேல் ஏறினானாம்!

அன்றிலிருந்து படுத்த படுக்கை. பேச்சு போய்விட்டது. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தான் யாரென்று தெரியாமலிருக்க, சித்தி வீட்டு முகவரியைக் கொடுத்து அவரிடம் சேர்ந்தாள் சின்னவள். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள்.

இப்போது அண்ணனின் தலையைக் கோதினாள்.

"பதினோரு மணி. மறந்துடாதேடா."

அண்ணன் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தான்.

ஒன்பதாவது மாடி. கண்ணாடி அறை.

மேஜை நடுவில் நண்டு போல உட்கார்ந்திருந்தது ஸ்பீக்கர் போன்.

"நம்பர்?"

சொன்னாள். அவரே அழுத்தினார். நண்டின் முதுகில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"காது! கேக்குதா? ஒரு தட்டு!"

டொக்.

"போதும். இனி நான் கேக்கற வரைக்கும் நீ செத்த பொணம்!"

இருபது நிமிஷம் சரமாரியாகக் கேள்விகள். ஒன்றில்கூட அவள் சறுக்கவில்லை.

"பரவாயில்லையே! ஷீட்டைக் காட்டு."

லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது...

கையால் போடும் எண்களுக்கு நீலம், சூத்திரத்தில் வருகிற எண்களுக்குக் கறுப்பு. அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் அது. இந்த ஷீட்டிலோ நீலம் வர வேண்டிய இடமெல்லாம் பச்சை!

"ஏன் பச்சை?"

"எனக்குக் கத்துக் கொடுத்தவருக்கு நீலமும் கறுப்பும் ஒண்ணாத் தெரியும் ஸார். அதனால பச்சை போடுவாரு."

"இப்படிப் போட்ட ஒருத்தனைத்தான் நான் பார்த்திருக்கேன். யார் அவன் உனக்கு?"

"கூடப் பிறந்த அண்ணன்."

அவர் எழுந்தார். கதவைச் சாத்தித் தாழிட்டார். திரைகளை இறக்கினார்.

"உன் போனைக் குடு!"

கொடுத்தாள். அணைத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"பழி வாங்க வந்தியாடி? பால் குடிக்கிற வயசுல பாம்பு பிடிக்க ஆசையா?"

"ரகசியத்தை வித்தது நீங்க!"

"ஆமா, நான்தான்! அவன் சாப்பிடப் போற நேரம் பன்னெண்டே முக்கால். பாஸ்வேர்டைக் கீபோர்டுக்கு அடியில ஒட்டி வெச்சிருந்தான், மடையன். மெயில் அனுப்ப ஒரு நிமிஷம் ஆகலை!"

"அவன் கண்டுபிடிச்சுட்டான்..."

"நியாயம் பேச வந்தான். மாடிக்கு வா, தனியாப் பேசலாம்னேன். பூஞ்சை உடம்பு. தோளால ஒரு இடி... அவ்வளவுதான்!"

சின்னவளுக்குக் கண்ணீர் முட்டியது. விழவிடவில்லை.

"போய்ச் சொல்லேன்! யாரு சாட்சி? மரக்கட்டையாக் கிடக்கானே, அவனா? நாளைக்கு இண்டர்வியூ கிடையாது. இனி எந்த பேங்க் வாசலையும் நீ மிதிக்க முடியாது!"

"ஸார்... ஒரு சந்தேகம்."

"என்ன?"

"ஒத்திகை முடிஞ்சிருச்சே... காதுகிட்ட மார்க் கேக்கலையா?"

அவர் தலை மெல்லத் திரும்பியது.

நண்டின் முதுகில் விளக்கு... இன்னும் எரிந்துகொண்டிருந்தது!

எத்தனையோ மாணவர்களின் காதுகளை ஊமையாக்கிப் பழகியவர். அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்!

பாய்ந்தார். அதற்குள் நண்டு பேசியது. ஒவ்வொரு சொல்லும் மேடேறுகிற வண்டி போலத் திணறி வந்தது.

"ஸா...ர். மூணு... தப்பு."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"இது... இவன்... பேச மாட்டானே!"

"எட்டு மாசமா பேச்சுப் பயிற்சி ஸார்," என்றாள் சின்னவள். "நான் உங்ககிட்ட இண்டர்வியூவுக்குப் பேசக் கத்துக்கிட்டேன். அவன் அங்கே 'அம்மா' சொல்லக் கத்துக்கிட்டான்."

"ஒண்ணு..." என்றது நண்டு. "கதவைச் சாத்தினீங்க. லைனை... கட் பண்ணலை. ரெண்டு... தோளால இல்ல ஸார். ரெண்டு... கையாலயும்... தள்ளினீங்க."



"மூணாவதை நான் சொல்றேன்." ஒரு பெண்ணின் கறாரான குரல். "இன்ஸ்பெக்டர் பேசறேன், உங்க 'காது' கட்டில் பக்கத்துலேர்ந்து. ரெண்டு வருஷம் கழிச்சு வாய் திறக்கறவன் வாக்குமூலம் மட்டும் போதாது, உங்க வாயாலயே வரட்டும்னு சொன்னேன். நாங்க கேட்டுட்டிருக்கற நம்பரை நீங்களே அழுத்தினீங்க, அதான் மூணாவது தப்பு! எல்லாம் பதிவாயிடுச்சு. என் ஆளுங்க உங்க மாடிக்கு வந்துட்டாங்க."

அவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"அந்தப் பச்சை..."

"வேணும்னுதான் போட்டேன் ஸார். எனக்கு நீலம் நல்லாவே தெரியும்!"

கதவு தட்டப்பட்டது.

ஒன்று...

"உனக்கு என்ன வேணும்னாலும் தரேன்மா! இன்டர்ன்ஷிப்... வேலை..."

இரண்டு...

"இண்டர்வியூ எடுக்கப்போறது வேற டீம். அதை நான் பார்த்துக்கறேன். குறை சொல்லக் கூடாது, நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடினாள். "மூணாவது தட்டுக்குள்ள கதவைத் திறந்துடுங்க ஸார். உங்க சட்டம்!"

மூன்று!

எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். வாசலில் காக்கி உடுப்புகள்.

அவள் புன்னகைத்தாள்.

"கவலைப்படாதீங்க. உங்களுக்கும் இன்டர்ன்ஷிப் கிடைச்சாச்சு. எனக்குக் கிடைச்சா பத்தே வாரம், உங்களுக்குப் பல வருஷம். தங்க இடம், சாப்பாடு, யூனிஃபார்ம் எல்லாமே இலவசம். என்ன ஒண்ணு... அங்கே மூணாவது மணிக்குள்ள போனை எடுக்கற தொல்லையே இருக்காது!"