வாங்காத பதில்

வார்டு கேள்வியகத்தில் காலை பத்து மணிக்கே கூட்டம். எல்லோர் கையிலும் துண்டுச்சீட்டு. இறந்தவரிடம் கேட்கவேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. பத்திரத்தை எங்கே வைத்தீர்கள், சாம்பார்பொடிக்கு மல்லி எவ்வளவு, என்னை மன்னித்துவிட்டீர்களா. மூன்றும் ஒரே சீட்டில் இருக்கும், பெரும்பாலும் இதே வரிசையில். மனிதர்கள் அப்படித்தான்.

காதுக்குப் பின்னால் பொருத்தும் பதிவி ஓர் ஆளின் ஆயுள் முழுவதையும் எழுதிக்கொள்கிறது. ஆள் போனபின் அந்தப் பதிவு குன்னூருக்கு மேலே ஒரு குளிர்ந்த சுரங்கத்தில், நினைவுக்கிடங்கில் சேர்கிறது. அங்கே அவர் தூங்குவார். கேள்வி வந்தால் எழுப்புவார்கள். பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார். தூங்கியதும் எழுந்தது மறந்துபோகும். அடுத்த தடவை, செத்த அன்று இருந்தபடியேதான் எழுவார். குரலில் பேச அனுமதித்த முதல் வருடம் ஜனங்கள் கேள்வியகத்தை விட்டு வீட்டுக்கே போகவில்லை. அதனால் சட்டம் போட்டார்கள்: கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, தட்டச்சு மட்டும்.

ஒருவரை எழுப்ப இருபது நிமிடம் ஆகும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தடவை எழுப்ப வேண்டும். பத்துக் கேள்வி கேட்பதற்குள் அரைநாள் போய்விடும். இந்த இழவை ஒழித்தவள் பொற்கொடி. கோயம்புத்தூர் அலுவலகத்தில் கேள்வித்திரையை வடிவமைப்பவள்.

அவள் கண்டுபிடித்தது கோவை முறை. பூக்கோப்பதுபோலக் கேள்விகளைக் கோத்து, ஒரே எழுப்பலில் அனுப்பிவிடலாம். நாலு கட்டளைதான். \தொடர் என்றால் ஆள் எழுவார். \அனுப்பு என்றால் கேள்வி போகும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். \வாங்கு என்றால் பதில்கள் கேட்ட வரிசையிலேயே வரும். \முடி என்றால் தூங்குவார். வாங்கும்வரை பதில் சொல்பவர் தன் பதிலை மாற்றிக்கொள்ளலாம். எடுத்த நேரமும் திருத்தங்களின் எண்ணிக்கையும் பதிலுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும். இன்னொரு விதி: இறந்தவருக்கு எதையும் மறுக்கும் உரிமை உண்டு. கோவையில் ஒன்று மறுக்கப்பட்டால், பின்னால் நிற்பவை எல்லாம் அப்படியே திரும்பிவிடும். பத்திரம் இருக்கிறதா என்பதற்கே பதில் இல்லாதபோது, எங்கே என்று கேட்டு என்ன பிரயோசனம்?

உடன் வேலை செய்யும் இருதயராஜ் அப்போதே ஒன்று கேட்டார்.

"முடி போடாம எந்திரிச்சுப் போயிட்டா என்னங்க மேடம் ஆகும்?"

"கோவை திறந்தே இருக்கும். மழைக்கு லைன் கட்டாச்சுன்னா, மிச்ச பதில் போயிருமில்ல? பாவம், ஏழை ஜனம். மறுபடி வந்து வாங்கிக்கட்டும்."

நல்ல மனசுதான். அதைக் குறை சொல்ல முடியாது.

பதினோரு மாதம் கழித்து, சுரங்கத்தில் மின்சாரம் ஏன் இப்படி இழுக்கிறது என்று பார்க்கப் போன இருதயராஜ் மறுநாள் மதியம் திரும்பி வந்தார். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறு லட்சம் பேர் முழிச்சிட்டிருக்காங்க மேடம்."

"என்ன சொல்றீங்க?"

"பதில் வாங்குனதும் ஜனங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. யாரு முடி போடறா? அவங்க அங்க அடுத்த கேள்விக்குக் காத்துட்டிருக்காங்க."

"இருட்டுலயா?"

"இருட்டுன்னா பரவால்லீங்களே. பார்க்கறதுக்குக் கண்ணு வேணுமில்ல."

பொற்கொடி கிடங்கின் பட்டியலைத் திறந்தாள். அன்றே எல்லோரையும் தூங்கவைக்க முடிவானது. ஒவ்வொருவராக மூடினால் வருடங்கள் ஆகும். ஆகவே ஆறு லட்சம் மூடல்களையும் ஒரே கோவையாகக் கோத்தாள். அதிக நாள் விழித்திருந்தவர் முதலில்.

அனுப்பினாள். மூன்று விநாடியில் அத்தனையும் திரும்பி வந்தன. முதல் ஆள் மறுத்துவிட்டார். பின்னால் நின்ற யாரையும் கிடங்கு தொடவே இல்லை.

வரிசை ஒன்று. நன்மாறன், வயது இருபத்தாறு. விழித்திருப்பது 331 நாள். மறுப்புக்கான காரணம்: அக்கா ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வாங்கலை. வாங்கட்டும்.

இருதயராஜ் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"உங்க தம்பிங்களா?"

அவள் தலையாட்டினாள். கோவை முறையை அதிகாரிகளுக்குக் காட்டிய நாளில் சோதனைக்கு யாரையாவது எழுப்பவேண்டியிருந்தது. முன்பின் தெரியாத யாரையோ தொந்தரவு செய்வானேன் என்று தன் தம்பியையே எழுப்பினாள். பெயர், ஊர், பள்ளி, பிடித்த சாப்பாடு. நாலு கேள்வி, நாலு பதில், கைதட்டல். எல்லோரும் வடை சாப்பிட எழுந்தபோது, அவசர அவசரமாக ஐந்தாவதை அனுப்பினாள். அனுப்பியதும் பயம் வந்து கணினியை மூடிவிட்டாள். அதன்பிறகு அந்தக் கோவையை அவள் திறக்கவே இல்லை. மறந்துவிட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"என்ன கேட்டீங்க?"

"அன்னைக்கு வண்டியில வந்துட்டிருந்தான். நான்தான் போன் பண்ணேன். எங்கடா இருக்கே, சீக்கிரம் வான்னு. அத எடுக்கப்போயித்தான் விழுந்தியான்னு கேட்டேன்."

இருதயராஜ் நாற்காலியை நகர்த்தினார். "நான் வெளிய இருக்கேனுங்க. வாங்கிருங்க மேடம். பின்னாடி ஆறு லட்சம் பேர் நிக்கறாங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். பொற்கொடி \வாங்கு என்று அடிப்பதற்குள் மூன்று தடவை பிழை விட்டாள்.

பதில் வந்தது. "இல்லக்கா. நாய் குறுக்க வந்துச்சு. செவலை நாய், ஒரு காது மடங்கியிருந்துச்சு. பிரேக் அடிச்சேன், மண்ணு சறுக்கிருச்சு. நீ கூப்பிட்டதே எனக்குக் கேக்கல. போன் பைக்குள்ள இருந்துச்சு. சாப்பிட்டியாக்கா? போய்ச் சாப்பிடு."

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நாலு வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணில் நீர் நின்றதால் படிக்கவில்லை. எடுத்த நேரம்: 331 நாள். திருத்தம்: 214.

கோவையை மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை முதல் வரிசை மறுக்கவில்லை. உறங்கினார், உறங்கினார் என்று ஆறு லட்சம் வரிகள் திரையில் ஏறிப் போயின. காத்திருந்த நன்மாறன் அதில் முதல் வரியாகப் போனான்.

அடுத்த வாரம் திருத்திய கேள்வித்திரை தயாரானது. இனி கணினியில் கேள்வி ஜன்னலை மூடினாலே ஆள் தூங்கிவிடுவார். பதிலும் கேட்டதுமே தானாக வந்துவிடும். வேண்டுமானால் மட்டும் நிறுத்தி வைக்கலாம். யாரையும் காக்கவைக்கக் கூடாது என்று பொற்கொடியே சேர்த்த வசதி. சோதனைக்கு மறுபடி தம்பியையே எழுப்பி, பழைய கேள்விப் பட்டியலையே ஓட்டினாள். அதில் ஐந்தாவதும் சேமிப்பில் இருந்ததை அவள் நினைக்கவில்லை.

பெயர், ஊர், பள்ளி, பிடித்த சாப்பாடு. அதற்குக் கீழே:

"ஆமாக்கா. போன் எடுக்கக் குனிஞ்சேன். நீதான் கூப்பிட்டே."

எடுத்த நேரம்: 2 விநாடி. திருத்தம்: இல்லை.

போன வாரத்துப் பதிலை எடுத்து, அந்தப் பொடி எழுத்தை இப்போதுதான் படித்தாள். இருநூற்றுப் பதினான்கு தடவை திருத்தியிருக்கிறான். அந்த நாய்க்கு மடங்கிய காது எத்தனையாவது திருத்தத்தில் வந்ததோ. அதை யோசித்தவன் இப்போது இல்லை. அவனை இவள்தான் தூங்கவைத்தாள்.

கண்ணாடிக்கு வெளியே இருதயராஜ் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக் காட்டி, வருகிறீர்களா என்று சைகை செய்தார். வருகிறேன் என்று தலையாட்டினாள்.

ஜன்னலை மூடினாள். நன்மாறன் தூங்கினான், சொன்னதை மறந்தான். மறுபடி திறந்தாள். தானாக வாங்கும் வசதியை நிறுத்தினாள். \தொடர். இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பி எழுந்தான். அதே கேள்வியை அடித்து, \அனுப்பு என்றாள்.

\வாங்கு என்று அடிக்கவில்லை. ஜன்னலையும் மூடவில்லை. திரையின் வெளிச்சத்தை மட்டும் குறைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள்.