இடப்பக்கக் கதவு

பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள். ஊரில் அவருக்கு வண்டி டாக்டர் என்று பெயர். படித்தது என்னவோ எட்டாவதோடு சரி. ஆனால் ஓரடி நீளத் திருப்புளியின் முனையை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றாரென்றால், வண்டி தன் வண்டவாளத்தையெல்லாம் அவரிடம் கொட்டிவிடும்.

ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துக் கொடுத்தவர் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சொந்த மகளுக்காகக் கிளம்பினார். மருமகனுக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை எடுத்துப்போய்த் துவைத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை, எத்தனையோ பேர் காலைப் பிடித்த பிறகு கைகூடி வந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் சொந்த வண்டியோடு வந்து நிற்கவேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. மகள் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள். ஐந்தாவது மாதம். இந்த வேலையும் கைநழுவிப் போனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அவர் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது மகளும் மருமகனும் பஸ்ஸில் வந்து இறங்கிக் காத்திருந்தார்கள். ஊர்க்கோடியில் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். கூரைக்கு மேலே மேகம் கறுத்துக் கிடந்ததால் மூன்று மணிக்கே உள்ளே மங்கலாக இருந்தது. வரிசையாக நின்ற வண்டிகளுக்குக் கடைசியில், மற்றவற்றைவிட்டு இரண்டு முழம் தள்ளி, அந்த வெள்ளைப் பிக்கப் நின்றது. அதைப் பார்த்ததும் மருமகனின் வாய் காதுவரை போனது.

"பல்லைக் காட்டாதீங்க மாப்பிள்ளை. நீங்க ஒரு பல்லு காட்டினா அவன் விலையில ஒரு படி ஏறுவான்" என்று டாக்டர் காதோடு சொன்னார். மகள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷெட்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூரப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாக இந்த ஆட்கள் கூடவே ஒட்டிக்கொண்டு, பார்க்கவேண்டியதைப் பார்க்கவிடாமல் தொணதொணவென்று பேசுவார்கள். இவர் அந்த வண்டிப் பக்கமே வரவில்லை.

டாக்டர் தம் பாட்டுக்கு ஆரம்பித்தார். என்ஜினைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது, கோளாறை மறைக்க முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை. துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தி, எங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறது என்று பார்த்தார். அடியில் படுத்து, சேசிஸைத் தட்டிப் பார்த்தார். பிறகு மருமகனை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்தார். என்ஜின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி அதில் லயித்திருந்தபோது, பானெட்டின் மேல் இரண்டு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. கண்ணைத் திறக்காமலே சிரித்தார். சின்ன வயதிலிருந்தே மகள் கதவு தட்டுவது அப்படித்தான். வெளியே நிற்பது யாரென்று வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

"உள்ள நோயாளி இருக்காரு, சத்தம் போடாத பாப்பா" என்றார்.

மருமகன் என்ஜினை நிறுத்தினான். அவனும் மகளும் பின்பக்கம் போய், எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். டாக்டர் திருப்புளியை எடுக்கவில்லை. நின்ற பிறகும் சிறிது நேரம் கேட்பது அவர் பழக்கம். சூடு ஆறும்போது உலோகம் போடும் சத்தத்திலிருந்தே விரிசல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

உலோகம் ஆறி அடங்கியது.

அதற்குப் பிறகுதான் கேட்டது.

டக். டக். டக்.

காதை எடுத்தார். ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி வைத்தார். டக். டக். டக். உலோகத்தில் உலோகம் இடிக்கும் சத்தமில்லை அது. கண்ணாடியை எதனாலோ தட்டுகிற சத்தம். முனையை இடப்பக்கம் நகர்த்த நகர்த்த அது பலத்தது. இடக்கதவின் மேல் வைத்தபோது காதுக்குள்ளேயே தட்டுவதுபோல் இருந்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். இருக்கை காலியாக இருந்தது.

எலியாக இருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தார். புதுசாகத் தெளித்திருந்த வாசனைத் திரவியத்துக்கு அடியிலிருந்து ஏரிப் பாசி வாடை வந்தது.

தண்ணீரில் முழுகிய வண்டியைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் கழுவித் துடைக்கிறவர்கள் சீட் பெல்ட்டை மட்டும் மறந்துவிடுவார்கள். அதைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், சுருண்டு கிடக்கும் பகுதியில் தண்ணீர் நின்ற கறை தெரியும். இடப்பக்கத்துப் பெல்ட்டை இழுத்தார். கறை இருந்தது. இன்னும் இழுத்தார். கடைசி முழத்தில் பச்சைப் பாசி ஓர் இழை சுற்றியிருந்தது.

தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

அவர் கை தானாகவே ஸ்டியரிங்குக்கு அடியில் போனது. ஒரு வண்டியை நல்ல வண்டி என்று சொல்லிவிட்டால், அதே வண்டி வேறு கைக்கு மாறி மறுபடி தம்மிடம் வரும்போது அடையாளம் தெரிவதற்காக, அங்கே ஒரு வட்டமும் நடுவில் புள்ளியும் கீறி வைப்பார். பெயின்ட்டின் அடியில் விரலுக்கு வட்டம் தட்டுப்பட்டது. புள்ளியும் தட்டுப்பட்டது. திருப்புளியால் லேசாகச் சுரண்டினார். வெள்ளைக்குக் கீழே நீலம் தெரிந்தது.

அவர் கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த நீல வண்டியைப் பூச்செடி விற்கிற ஒருவருக்காகப் பார்க்கப் போயிருந்தார். ஹேண்ட் பிரேக் சரிவில் பிடிக்கவில்லை. இடக்கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. இரண்டையும் அவர் பார்த்தார். விற்கிறவன் பணம் வைத்த ஒரு கவரை அவர் சட்டைப் பையில் செருகினான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம். பூச்செடிக்காரர் இரண்டு தடவை கேட்டார், "நம்பி எடுக்கலாமா அண்ணே?" எடுக்கலாம் என்றார். நாற்பது நாள் கழித்து, செடிக்குத் தண்ணீர் மொள்ள ஏரிச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த மனிதர் குடத்தோடு இறங்க, வண்டி தானாக உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. உள்ளே, இடப்பக்க இருக்கையில், அவர் மனைவி இருந்தாள். டிரைவர் பக்கம் நகர முடியாமல் நடுவில் செடித் தொட்டிகள். அவள் மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தண்ணீர் கூரையைத் தொடும்வரைக்கும் தட்டினாள் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். டாக்டர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அன்றைக்குப் பிறகு யாரிடமும் கவர் வாங்கியதில்லை. அந்த விஷயத்தை யாரிடமும் வாய் திறந்ததும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகனிடம் போனார். வண்டி தண்ணீரில் முழுகினது, வேண்டாம் என்றார். தூரத்தில் உட்கார்ந்திருந்த ஷெட்காரர் அதை மறைக்கவே இல்லை. முழுகினதுதான், அதனால்தான் மலிவு, என்ஜின் மாற்றியாயிற்று, பிரேக் புதுசு என்றார். மருமகன் சரிவில் நிறுத்திப் பார்த்தான், வண்டி அசையவில்லை. இடக்கதவு என்று டாக்டர் பேச்சை இழுத்தார். மகள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் ஓடிப்போய் வெளிக் கைப்பிடியைப் பிடித்தார். அவள் உள்ளேயிருந்தே திறந்து காட்டினாள், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திறந்தது.

"எல்லாமே சரியாத்தானே இருக்கு மாமா" என்றான் மருமகன். குரலில் கெஞ்சலும் கோபமும் கலந்திருந்தன. "வேற எங்க தேடுவேன்? நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு வரவில்லை. வேறொரு வழி வந்தது, தொழிலில் ஊறியவனுக்கு வருகிற வழி. பேரம் முறியவேண்டுமென்றால், விற்கிறவன் முகம் சிவக்கும்படி ஒரு விலை கேட்டால் போதும். வெளியே போங்கள் என்று அவனே சொல்லிவிடுவான். பழி அவன் மேல் போகும். ஷெட்காரரிடம் போய், அவர் சொன்ன விலையில் நான்கில் ஒரு பங்கைக் கேட்டார். பழைய இரும்புக்குப் போட்டால்கூட அதைவிடக் கூடக் கிடைக்கும்.

ஷெட்காரர் பேரம் பேசவே இல்லை.

"சரி" என்றார். "இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

மருமகன் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எட்டு மாதத்தில் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். காகிதங்களில் கையெழுத்தாயிற்று. பணம் கை மாறியது. மகளை மட்டும் தனியே அழைத்து, வேண்டாம் பாப்பா, என் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றார்.

"ஏம்ப்பா?" அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டாள். "நீங்க பாத்துக் குடுத்த வண்டியில இதுவரைக்கும் யாராவது கெட்டிருக்காங்களா?"

சொல்லிவிடலாம். இப்போதாவது சொல்லிவிடலாம். அவள் கண்கள் அவரையே பார்த்தன, உலகத்தில் வேறு யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை மாறிவிடும் என்று பயந்தார். பாவி மனிதர், அதற்குத்தான் பயந்தார்.

"இல்லம்மா" என்றார்.

அவள் இடப்பக்கம் ஏறினாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள், என்ன ஆனாலும் ஏற்றாதே, ஏரிப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மழை வருதேப்பா என்று சிரித்தாள். ஆனாலும் அவருக்காகக் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை முழுவதும் இறக்கினாள்.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பியது. அவள் முகம் அவர் பக்கம் தெரிந்தது. கைகள் இரண்டையும் தூக்கி, குழந்தையைப்போல் டாட்டா காட்டினாள். மருமகனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

கண்ணாடி மெல்ல ஏறியது.

"பாப்பா!" என்று கத்தினார். தகரக் கூரையில் சடசடவென்று மழை இறங்கியது, அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கண்ணாடி உச்சிவரை ஏறி மூடிக்கொண்டது. வண்டி மழைக்குள் மறைந்தது.

ஸ்கூட்டருக்கு ஓடினார். பிடித்துவிடலாம், வழியில் மறித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அவள் காறித் துப்பினாலும் பரவாயில்லை. ஸ்கூட்டர் இருமி நின்றது. உதைத்தார், மறுபடி உதைத்தார். காலையில் ஒரே உதையில் கிளம்பிய வண்டி. ஃபோன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். பிறகு மணி அடிப்பதும் நின்றுபோயிற்று.

ஷெட்காரர் விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரை இழுத்தார். பூட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி மூணு தடவை வித்துட்டேன் அண்ணே. மூணு தடவையும் திரும்பி வந்துடுச்சு. வண்டி மட்டும்."

அவர் போய்விட்டார். மழையில் டாக்டர் மட்டும் நின்றார். ஆறு மணி இருக்கும். வேறு எதுவும் செய்யத் தெரியாமல், நாற்பது வருடப் பழக்கத்தில், திருப்புளியின் முனையை ஸ்கூட்டர் என்ஜின் மேல் வைத்தார். கைப்பிடியைக் காதில் அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். மழையாக இருக்கும் என்று நினைத்தார்.

டக். டக். டக்.

நிதானமாக, அவசரமே இல்லாமல், ஆறு வருடமாகத் தட்டிப் பழகிய கை.

முனையை என்ஜினிலிருந்து எடுத்தார். அது எதையும் தொடாமல் வெறுங்காற்றில் நின்றது. கைப்பிடி மட்டும் காதில் இருந்தது. சத்தம் நிற்கவில்லை.

அப்புறம், அதன் பக்கத்திலேயே, இன்னொரு கை தட்ட ஆரம்பித்தது.

இரண்டு தட்டு. ஒரு சின்ன இடைவெளி. மறுபடி ஒரு தட்டு.